வரவேற்புத் துணியில் அழுதவர்கள்

2000-ஆம் ஆண்டு. ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் பலர் பயந்து நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நமாகாவில், நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பது சும்மா பெருமைக்கு. கடைகளே மூடிக்கொண்டிருந்தபோது பலகைக்கு எங்கே போவது?

சிட்னிக்குப் போய்விட்ட மச்சான் அனுப்பிய குடியேற்றப் படிவம் என் மேஜையில் கிடந்தது. “இன்னும் ஒரு மாசம் பாப்போம். வேலை வரலேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்” என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஊரை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான், ஆனால் பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அப்போதுதான் அந்த அதிசயம்! தலைநகரத்துப் பெரிய கம்பெனிக்கே போய்க்கொண்டிருந்த சுற்றுலா அலுவலக விளம்பர வேலையை, இனி எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்களாம். எனக்கு வந்தது விமான நிலைய வாசலுக்கு இருபதடித் துணி. மாலையோடு கையசைத்து வரவேற்கும் மக்களை வரைய வேண்டும். நான்கு நாள் கெடு. பிடித்துப்போனால் பஸ் ஸ்டாண்டு வேலைகளும் எனக்கே! குதித்த குதியில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்ந்தது.

ஆனால் யாரைப் பார்த்து வரைவது? ஊருக்குள் வருகிறவர் எவருமில்லை. கையிலிருந்த ஒரே போட்டோ, மச்சானை வழியனுப்பியபோது எடுத்தது. மாலை இருக்கிறது, கையசைப்பு இருக்கிறது. போதாதா? போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன். இருபதடியை விரிக்கக் கடையில் இடமில்லை. சுருட்டிச் சுருட்டி வரைந்தேன். இங்கே ஒரு மூக்கு, அங்கே அரை மாலை. முழுப் படத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை, ஏணியில் ஏறித் துணியைக் கட்டி முடித்தேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

“இந்தாங்க... எல்லாரும் அழுவுறாங்க!”

“என்னது?”

“படத்துல நானும் அழுவுறேன். மூக்குகூட செவந்திருக்கு.”

சரியாக அந்த நேரம் பார்த்து சுற்றுலா அலுவலக அம்மா வந்து நின்றார். ஃபிஜியப் பெண்மணி, எங்கள் ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவார்; அண்ணனுக்கு ‘பையா’ என்பார்.

“அரே பையா, அந்த நீலச் சேலைக்காரி ஏன் அழுவுறா?”

“ஆனந்தக் கண்ணீர் மேடம்! வெயில் வேற. கண்ணுல தூசி. பெயின்டும் கொஞ்சம் ஒழுகிடுச்சி!”

ஒரே மூச்சில் நான்கு பொய். என் கால் நடுங்க, ஏணி தாளம் போட்டது. கீழே நின்றவள் கட்டியிருந்ததும் அதே நீலச் சேலை!

“அது நான்தான் மேடம்,” என்றாள் அவள். “அண்ணன் போறப்ப அழுதது. அவன் திரும்பி வந்தாலும் இப்பிடித்தான் அழுவேன்.”

அந்த அம்மா ஏணிக்குக் கிட்டே வந்து, துணியில் இருந்தவளையும் கீழே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் போயிட்டாங்க. இதே வாசல்ல நின்னுதான் நானும் அழுதேன்,” என்றார். “இருக்கட்டும் பையா. பெரிய கம்பெனி படத்துல வெறும் பல்லுதான் தெரியும். பஸ் ஸ்டாண்டுல மட்டும் கொஞ்சம் சிரிக்க வை.”

“பஸ் ஸ்டாண்டா!” என்று கத்தியதில் கடைசி மூன்று படிகளை நான் இறங்கவில்லை, விழுந்தேன்.

அன்று மத்தியானமே குடியேற்றப் படிவத்தைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கட்டம் போட்டேன். இன்றைக்கும் எதையாவது கண்டு கால் நடுங்கினால், ஒரே கட்டத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்துகொண்டு, முழுப் படமும் எப்படியிருக்கிறது என்று ஏணியைப் பிடித்திருப்பவளைத்தான் கேட்கிறேன்.