ஒப்பாரி என்று பெயரெடுத்த பாட்டு

ஞானமுத்து சார் முழங்காலில் தட்டிக் காதோரம் பிடிக்கும் இரும்புக் கவையின் ரீங்காரம் பல்லின் வேர்வரை இறங்கிக் கூசும். நாங்கள் அதை 'ரெட்டைக்கொம்பு' என்போம். சுருதிக்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செங்கோட்டையிலிருந்து வீரகேரளம்புதூர் வரை தேவாலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சைக்கிள் மிதித்து, பலர் கூடிப் பாடும் பாட்டுகளைத் தானே கட்டி, தானே கையசைத்துப் பாட வைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்காகச் சாரலைப் பற்றி மூன்று குரலில் ஒரு பாட்டுக் கட்டினார். ஆடியில் குற்றாலத்தில் ஒரு பங்களா முற்றத்தில் பாடுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி அறையில்தான் சொல்லிக்கொடுப்பார். கடைசிச் சனிக்கிழமை சேர்க்கும்வரை ஒருவர் பாகத்தை மற்றவர் கேட்கக்கூடாது. "சோறு வேகுமுன்ன தெறந்து தெறந்து பாக்கக்கூடாதுட்டி" என்பார். நான் இரண்டாம் குரல். என் வரிசையில் மற்ற ஐந்து பேரும் என்னைப் பிடித்துக்கொண்டுதான் பாடினார்கள். ஆனால் எனக்குக் கிடைத்ததை மெட்டு என்றே சொல்ல முடியாது. ஒரே சுரத்தில் இழுத்து, ஒரு படி இறங்கி, மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

அதைத்தான் வீட்டில் ஓயாமல் பாடிப் பழகினேன். எங்கள் குடும்பத்துக்குத் தலைவரான பெரியப்பா அப்போது வாதத்தில் படுத்திருந்தார். கூடத்திலிருந்து பெரியம்மா பாய்ந்து வந்தாள். "ஏட்டி, உசுரோட இருக்கவுகளுக்கு ஒப்பாரி வைக்கியே, நீ வெளங்குவியா?" மீதிப் பாட்டு மற்ற பெண்களிடம் இருக்கிறது என்றேன். யார் நம்புவார்கள்? நாலாம் நாள் பெரியப்பா போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எங்கள் வீட்டில் காக்கையைத்தான் விரட்டினார்கள். பாட்டு வகுப்புக்குப் போகக்கூடாது என்று அப்பா நிறுத்திவிட்டார்.

பதினாறு கழிந்ததும் சார் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, அது ஒப்பாரி இல்ல. ஒத்தையா கேட்டா அப்படித்தான் இருக்கும். மேல்குரலும் சேந்தாத்தான் பாட்டு."

"அப்பம் பாடுங்க சார்வாள், கேப்போம்" என்றார் அப்பா.

சார் கவையை முழங்காலில் தட்டி, மேல்குரலைப் பாடினார். நான் உள்கதவுக்குப் பின்னால் பெரியம்மாவின் வெள்ளைப் புடவைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் இடம் வந்ததும் அவருடைய இடது கை கதவுப் பக்கம் நீண்டது, இரண்டாம் குரலை அழைக்க வகுப்பில் நீள்வதைப் போலவே. ஒரு வரி பாடியிருந்தால் போதும், அப்பாவுக்கே விளங்கியிருக்கும். நான் வாய் திறக்கவில்லை. கை அப்படியே நின்றது. தொடக்கத்திலிருந்து மறுபடியும் பாடினார், மறுபடியும் நீட்டினார். பயந்தாங்கொள்ளி நான், பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு சார்வாள். ஆனா எம்புள்ள பாடினது இது இல்லையே" என்றார் அப்பா.

சார் கவையை வேட்டி நுனியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த வாரமே இன்னும் நாலு வீட்டில் பெண்களை நிறுத்தினார்கள். அவர் பாட்டு வீட்டுக்கு ஆகாது என்று ஊரில் பேச்சு. ஆடியில் குற்றாலத்தில் யாரும் பாடவில்லை.

சார் காலமாகிப் பல வருஷமாயிற்று. அவருடைய நோட்டுகள் கரையானுக்குப் போயின. மேல்குரல் பாடிய இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், நினைவில்லை என்றார்கள். நானே அன்று இரண்டு தடவை கேட்டதுதான், ஆனால் அந்தக் கையைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. முழுப் பாட்டையும் நான் கேட்டதே இல்லை.

போன சாரலுக்குக் குற்றாலம் போனேன். அந்தப் பங்களா இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். வராந்தாவில் நின்று, என்னை அறியாமல் என் பாகத்தை முனகியிருக்கிறேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, வீட்டுல யாரும் தவறிட்டாவளா?"

ஆமாம் என்றேன்.