துரை நீட்டிய புளிப்பு பியர்

இன்று ஆளாளுக்குப் பியரைப் பற்றி எழுதுகிறீர்கள். என் பங்குக்கு இது.

எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தேன். தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் வேலை.

ஒருநாள் எங்கள் தோட்டத்து மேனேஜரான துரை, பெல்ஜியத்திலிருந்து வந்த தன் விருந்தாளியோடு உள்ளே வந்தார். விருந்தாளி கொண்டுவந்த கோதுமை பியரை ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

"குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க டீமேக்கர். ஒசத்தியான சாமான்."

கலங்கலாக இருந்தது. முதலில் எலுமிச்சைப் புளிப்பு. பின்னாலேயே மழையில் நனைந்த மாட்டுப்பட்டி வாசனை. தேயிலை ருசிக்கும் பழக்கத்தில் உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்து வாளியில் துப்பிவிட்டேன்.

துரையின் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் நாக்கு அடங்கவில்லை.

"கெட்டுப்போச்சுங்க ஐயா. தேயிலையா இருந்தா குப்பையில கொட்டியிருப்பேன்."

துரை தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னார். விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஏதோ பதில் சொன்னார்.

"இப்படிக் கெட்டுப்போக வைக்கத்தான் ரெண்டு வருஷம் பாடுபடுறாங்களாம்" என்றார் துரை.

விருந்தாளி வெளியே போனதும் துரை என் காதருகே குனிந்தார்.

"நெசமாவே நல்லா இல்லையா? நேத்து நான் மூணு கிளாஸ் குடிச்சு, பிரமாதம்னு சொல்லிட்டேனே!"

மரியாதைக்காக நீங்கள் விழுங்கியது என்ன? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.