கைப்பையில் இருந்த பிளக் கேப்

வேலைக்குப் போய்வர புது பைக் வாங்கலாமென்று, அப்பா விட்டுப்போன பழைய பைக்கிலேயே இன்று ஒரகடம் ஷோரூமுக்குப் போனேன். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுப்பதாகத் திட்டம்.

புது வண்டியைச் செல்போனிலேயே பூட்டலாமாம். நான் நம்பவில்லை.

பழைய வண்டியை மதிப்பிட வந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தார். "இன்னா மேடம், இன்ஜினே பூட்ச்சி. காயலான் கடைக்குத்தான் போவும்."

அப்போதுதான் உறைத்தது. திருட்டுக்குப் பயந்து, வண்டியை நிறுத்தியதும் யாராலும் கிளப்ப முடியாதபடி பிளக் கேப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் அப்பா. எல்லாச் சட்டையிலும் கறை. அம்மா திட்டாத நாளில்லை.

அதே பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கைப்பையைத் துழாவினேன். கேப் இருந்தது. மாட்டி உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

"இத்த யார் மேடம் கழட்னது?"

"எங்க அப்பா" என்றேன்.

அதிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கைப்பையில் பட்ட கிரீஸ் எதைப் போட்டால் போகும்? அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.