விசில் நின்றபோது

போகி அன்று காலை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு முழுக்கப் புகை. பழைய பாயோடு யாரோ டயரையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது, ஆஸ்துமா. என்னிடம்தான் டியூஷன். மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் அவள் அம்மா இன்ஹேலர் கொடுத்து, மாடியில் என் அறையில் உட்காரவைத்துவிட்டு, வீடு ஒழிக்கப் போனார்.

"மூச்சுல விசில் சத்தம் ஜாஸ்தியானா உடனே கூப்பிடும்மா."

"நான் பாத்துக்கறேன்க்கா. இதப் பத்தி எல்லாம் படிச்சிருக்கேன்."

படித்துத்தான் இருந்தேன். போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணினேன், தாளில் எழுதினேன். குழந்தையைப் பேசவைத்துப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். வாய்ப்பாடு கேட்டேன்.

"ஏழெட்டு?"

"ஐம்பத்..." மூச்சு வாங்கினாள். "தாறு."

"சூப்பர்டி! ஏழொம்பது?"

"அறுபத்..." மறுபடி மூச்சு. "மூணு."

இரண்டும் சரி. டிக் போட்டேன். ஒரே ஒரு வார்த்தையை அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அது என் காதில் விழவே இல்லை. டியூஷன் டீச்சர் காதில் விடைதான் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. மூச்சின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது.

"பாத்தியா, ஆஸ்துமா பயந்து ஓடிடுச்சு!"

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. முட்டியில் கையூன்றி, தோளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தாளில் 'நார்மல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

துடைப்பம் கேட்க வந்த அவள் அம்மா வாசலிலேயே நின்றார். "என்னடி, இவ்ளோ அமைதியா இருக்க?" ஓடிவந்து முகவாயைத் தூக்கினார். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. உதட்டில் நிறமே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார். பின்னால் நான், கையில் அந்தத் தாளோடு.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு, விசில் நின்றதைச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உள்ள காத்து போனாத்தானேம்மா விசிலடிக்கும்?"

காணும் பொங்கலன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டியூஷனுக்கும் அனுப்பினார். திட்டியிருக்கலாம்.

இப்போது அவள் ஆறாவது. "அக்கா, ஏழாம் வாய்ப்பாடு ஒரே மூச்சுல சொல்லட்டா?" என்று வம்புக்கு இழுப்பாள். சொல்வாள். நடுவில் தப்பும் விடுவாள், வேண்டுமென்றேதான். நான் திருத்துவதில்லை. அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேச்சு நின்று அவள் குனிந்து எழுதும்போது அறை அமைதியாகிவிடும். "ஏதாவது பேசுடி" என்பேன்.