இல்லை என்றே புகழ்ந்த சாயக்காரன்

முல்க்கின் தம்பி ஹிலாலுக்கு முழங்கை வரை நீலம். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்தில் அவுரித் தொட்டி வைத்திருக்கும் சாயக்காரர்கள் பலர் உண்டு. ஆனால் தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப்பட்டு நீலமாகும் வரை பக்கத்திலேயே நின்று பார்க்கிறவன் தன் தம்பி ஒருவன்தான் என்பாள் முல்க். அவள் பூத்தையல்காரி, ஓர் இழை பிசகினாலும் முழுப் பூவையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவள். ஆகவே அவள் சொன்னதை வெறும் அக்காப் பெருமை என்று யாரும் தள்ளிவிடவில்லை.

ஓய்வுநாள் பிற்பகலில் மற்ற சாயக்காரர்கள் குறட்டை விடுவார்கள். ஹிலால் யூத ஜெபக்கூடத்துப் பாடத்துக்குப் போவான். கடவுளுக்குக் கை உண்டா, கோபம் உண்டா என்றெல்லாம் அங்கே பேசிக்கொள்வார்கள். அப்படி ஒருநாள் கேட்டது அவன் மனதில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது. படைத்தவரை இப்படிப்பட்டவர் என்று சொன்னால், எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் அது அவருக்குக் குறைவுதான். இப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்வதே உண்மையான மரியாதை.

அன்று முதல், தான் மதிக்கிற எதைப் பற்றியும் அவன் வாயில் 'இல்லை'தான் வந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டால், "மோசமில்ல அக்கா" என்பான். முல்க் அதைப் பெரிய பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

வினை கல்யாணப் பேச்சில் வந்தது.

சர்க்கரை வியாபாரி கலஃபின் மகள் துர்ஃபாவை முல்க்தான் பார்த்து வைத்தாள். எல்லாம் பேசி முடித்து, பெண் வீட்டில் கோழியும் பாதாம் பலகாரமுமாக விருந்து நடந்தது. கை கழுவும்போது பெண்ணின் அத்தை சும்மா இருக்காமல், "என்ன மாப்பிள்ளை, எங்க பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

ஹிலால் எழுந்து நின்றான். மார்பில் கை வைத்து, பக்தியோடு சொன்னான்: "அவங்க அவலட்சணம் இல்ல. முட்டாள் இல்ல. சண்டைக்காரியும் இல்ல."

கலஃபின் கையிலிருந்த பலகாரம் தட்டில் விழுந்தது.

"அவ்வளவுதானா? நொண்டி இல்ல, குருடு இல்லன்னும் சேத்துக்கோ! சந்தையில கழுதை வாங்க வந்தியா, பொண்ணு கேக்க வந்தியா? எந்திரிங்க எல்லாரும்!"

பேச்சு அத்தோடு முறிந்தது. மறுநாள் முல்க் தன் கையால் பூ தைத்த மேசை விரிப்போடு கலஃபின் கடைக்குப் போனாள். "துணி நல்லாத்தான் இருக்கு, தம்பிதான் சரியில்ல" என்று விரிப்பைத் திருப்பிக் கொடுத்தார் அவர். ஹிலாலோ சாப்பிடவில்லை. ஒரு பட்டுநூல் சிட்டத்தைத் தொட்டியிலேயே மறந்து கருக்கவிட்டான். சாயத்தில் அவன் கவனம் பிசகி முல்க் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் பெண்கள் குளியல் கூடத்தில் துர்ஃபா நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. உங்க தம்பி என்ன நெனச்சு அப்படிப் பேசினாரு?"

"எப்படிம்மா சொல்வேன்? கடவுளைப் பத்திப் பேசுற மாதிரி உன்னைப் பத்திப் பேசிட்டான். அவன் படிச்ச பாடம் அப்படி" என்று முல்க் விளக்கினாள்.

துர்ஃபா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செம்பு நழுவித் தரையில் உருண்டது. பிறகு, "எங்கப்பா காதுல இது ஏறாது. ஊரைக் கூட்டித்தான் சொல்லணும்" என்றாள்.

ஓய்வுநாள் காலை, ஜெபக்கூடம். வேதச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து வந்து மேடையில் வைத்தார்கள். வாசிப்பவர் தொண்டையைச் செருமினார். அப்போது பெண்களின் மேல்மாடத்திலிருந்து, முல்க்குக்கு இரண்டு பேர் தள்ளி, ஒரு குரல் எழுந்தது.

"வாசிக்காதீங்க! எனக்கு நியாயம் கெடைக்கட்டும், அப்புறம் சுருளைத் திறங்க!"

நியாயம் கிடைக்காதவர் வாசிப்பை நிறுத்தலாம் என்பது வழக்கம்தான். ஆனால் பாகம் பிரிக்கவும் ஓடிப்போன கணவனைத் தேடவும் நிறுத்துவார்களே தவிர, இப்படியா? கலஃப் தலைப்பாகையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

கீழே இருந்த நீதிபதி அண்ணாந்து பார்த்தார். "சொல்லும்மா."

"அந்தச் சாயக்காரர் என்னை அவமானப்படுத்தினாருன்னு அப்பா கல்யாணத்த நிறுத்திட்டாரு. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு அவரை யாரும் கேக்கல. இப்ப கேளுங்க."

ஹிலால் எழுந்தான். நீலக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஐயா, இப்படி, அப்படின்னு சொன்னா அவங்களைக் கொறச்ச மாதிரி ஆயிடுமேன்னுதான் இல்ல, இல்லன்னு சொன்னேன். படைச்சவரைப் பத்தி நாம அப்படித்தானே பேசணும்?"

நீதிபதியின் தாடி குலுங்கியது, கூடமே சிரித்தது.

"என் பொண்ணைக் கடவுளாக்கிட்டியா, படுபாவி!" என்றார் கலஃப். அவர் குரலில் இப்போது பாதிக் கோபம்தான் இருந்தது.

மேலிருந்து துர்ஃபா சொன்னாள்: "அந்த மரியாதை படைச்சவருக்கு மட்டுந்தான். நான் படைக்கப்பட்டவ. எனக்கு மூக்கும் இருக்கு, கோவமும் இருக்கு. இருக்கிறத இருக்குன்னு சொன்னா நான் ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டேன்."

"சரியான பேச்சு," என்றார் நீதிபதி. "ஹிலால், இப்ப எல்லார் முன்னாலயும் இருக்குன்னு சொல்லு."

ஹிலாலின் காது சிவந்தது. முல்க் மாடத்தின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அவங்க... வேகமா நடப்பாங்க. சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். ஒரு தடவை கடைக்கு வந்தப்ப, துணியில ஒரு ஓரம் வெளுப்பா இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. என்னைத் தவிர அதைப் பாத்தவங்க அவங்க மட்டுந்தான். அன்னையிலேர்ந்து அவங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

வாசிப்பவர் கலஃபைப் பார்த்தார். "இப்பவாவது தொடங்கலாமா?"

"வாசிங்க, வாசிங்க," என்றார் கலஃப், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாப்பிள்ளை நின்னுக்கிட்டே இருக்காரு பாருங்க."

அன்று மதியம், ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் முந்தைய நாளே அடுப்பில் ஏற்றி வைத்திருந்த கொண்டைக்கடலைக் கறியை முல்க் தம்பிக்குப் பரிமாறினாள். அவன் நான்கு நாள் பசியோடு உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா இருக்கு?"

ஹிலால் நிதானமாக மென்றான்.

"உப்பு கூட இருக்கு அக்கா."

முல்க் ருசி பார்த்தாள். சரியாகத்தான் சொன்னான். இத்தனை நாள் எத்தனை 'மோசமில்ல'வை நம்பினோம் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.