கலீல் பாயின் மூணு மூலை இன்ஜின்

விருத்தாசலத்தில் யாரிடம் போய் கலீல் பாய் பட்டறை எங்கே என்று கேட்டாலும், வழி சொல்வதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது. அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். அவருடைய பட்டறைக்கும் என்னுடைய பீங்கான் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் சுட்டெடுத்த ஃப்யூஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் இன்ஜினை அலறவிடுவார். கட்டைகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும்.

"பாய், என் சரக்கு உடையப் போவுது!" என்று கத்துவேன்.

"உடையாது துரை. நீ சுட்டது அவ்ளோ லேசுல உடையுமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐஸ் வைப்பார். அதோடு என் கோபம் போய்விடும். எனக்கு வெட்கமே கிடையாது.

முழுப்பெயர் கலீல் ரஹ்மான். ஷார்ஜாவில் பந்தயக் கார் மெக்கானிக்காகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். மகள் மஹிராவுக்குப் பல் விழுந்ததையும் முளைத்ததையும் போனில்தான் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போதும் என்று ஊருக்கே வந்துவிட்டார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். இவர் ஒரு பழைய ஜப்பான் இன்ஜினைக் கொண்டுவந்தார். சேமிப்பெல்லாம் அதில்தான் போயிற்று. அவர் மனைவி ஷமீனா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல மாவாவது ஆட்ட முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அது ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் குதிக்கிற பிஸ்டன் அதில் கிடையாது. சமோசா மாதிரி மூன்று மூலை உள்ள ஓர் இரும்பு, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் மெல்லிசாக ஒரு சீல். அந்தச் சீல் உடைந்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கீறிப் பாழாக்கிவிடும். இன்னொன்று வாங்கிப் போடலாம் என்றால் திட்டக்குடியிலா கிடைக்கும்?

பாய் அதை ஒரு பழைய கான்டெஸா காருக்குள் திணித்தார். ஓட்டப்போவது மஹிரா. செராமிக் டிப்ளமோ முடித்த பெண். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எதிரே வருகிறவன் தானாக ஒதுங்குவான். ஓசூருக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் டிசம்பர் மாதம் பந்தயம். அங்கே ஒருமுறை ஓடிக் காட்டினால் சென்னை, பாண்டிச்சேரிப் பையன்கள் கார்களைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் வருவார்கள், பட்டறை நிமிர்ந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் மற்றவர்கள் எல்லாம் நைட்ரஸ் கேஸ் போட்டு ஓட்டுகிறார்களாம். நமக்கும் வேண்டும் என்றாள் மஹிரா.

பாய் குதித்தார். "அந்த கேஸு தானா எரியாதும்மா. பெட்ரோல வேகமா எரிய வெக்கும், அவ்ளோதான். அதுக்குத் தக்க பெட்ரோல் கூட போவலன்னா சூடு ஏறி உள்ள தப்பா வெடிக்கும். பிஸ்டன் வண்டி நாலு அடி தாங்கும். சமோசா ஒரு அடி தாங்காது."

"அப்ப பெட்ரோல கூட குடுங்க அத்தா."

மகள் கேட்டு மறுக்கிற அப்பனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சுவர் வழியாக ஷமீனாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, சுவர் அப்படி. "ஷார்ஜா மொதலாளி இன்னும் என் எடத்த காலியாத்தான் வச்சிருக்காரு. இந்த இன்ஜின் உடைஞ்சா வேற வழி இல்ல. நான் திரும்பப் போறன்." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷம் சண்டை போட்டுப் பழகிய மனுஷனை எப்படி அனுப்புவது?

அதன் பிறகு அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். புதுப் பொண்ணுக்கு நகை பூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பூட்டினார். கேஸ் கொஞ்சமாகத்தான் போகும். கூடவே அதற்கென்று தனியாகப் பெட்ரோல் போகும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும். மிதியை முழுக்க மிதித்து, இன்ஜின் நல்ல வேகம் பிடித்த பிறகுதான் கேஸ் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார். சீலுக்கு வழுவழுப்பு வேண்டுமென்று பெட்ரோலில் ஆயில் கலந்தார். டிக்கியில் வைத்த கேஸ் சிலிண்டரில் அழுத்தம் மிஞ்சினால் அது காருக்கு வெளியே போக ஒரு குழாய் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே மகளுக்கு ஒரே ஓதல்: "சத்தம் மாறுச்சுன்னா யோசிக்காத. கால எடு."

பாண்டிச்சேரியில் சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுச் சோதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மே மாதம் அங்கே கொண்டுபோனோம். நம் ஊர் வெயில் தெரியும்தானே! டிக்கியில் இருந்த சிலிண்டர் சூடேறி, அழுத்தம் காட்டும் முள் சிவப்பைத் தாண்டிவிட்டது. அப்படியே திறந்தால் கேஸ் அளவுக்கு மீறிப் பாயும்; சமோசா காலி. பாய் கடைக்கு ஓடி ஒரு சணல் சாக்கு வாங்கி, நனைத்துச் சிலிண்டரைச் சுற்றினார். முள் இறங்கியது. சோதனையும் ஜம்மென்று முடிந்தது. அன்றிலிருந்து காரைத் தொட்டால் முதலில் சாக்கை நனைப்பார், அப்புறம்தான் பிஸ்மில்லா சொல்லிச் சாவி போடுவார். ஷார்ஜாவும் விருத்தாசலமும் பார்த்த மனுஷனுக்குச் சூடு மட்டும்தான் எதிரி.

பந்தயத்தன்று காலை ஓசூர்ப் பக்கம் பனி என்றால் பனி. நான் மஃப்ளருக்குள் காணாமல் போயிருந்தேன். பக்கத்துக் கார்க்காரர்கள் சிலிண்டருக்குச் சூடேற்றும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் அதைக் கவனிக்கவில்லை. அவர் குழாயடியில் இருந்தார்.

இரண்டு இரண்டு காராக விட்டார்கள். மஹிராவுக்கு ஜோடி ஒரு சிவப்புக் கார். பச்சை விளக்கு எரிந்ததும் நம் கான்டெஸா பாய்ந்தது பாருங்கள், நான் மஃப்ளரைக் கழற்றி வீசிவிட்டேன். பாதித் தூரம்வரை ஒரு கார் நீளம் முன்னால். கேஸ் திறந்தது. உடனே இன்ஜின் புளக் புளக்கென்று இருமியது. அடுத்த நொடி கான்டெஸா அடங்கிவிட்டது. சிவப்புக் கார் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டது.

பாய் ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. மகளை இறக்கித் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு பிளக்கைக் கழற்றி, மீட்டரை மாட்டி, ஒவ்வொரு மூலையிலும் அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்தார். நானும் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். கொளஞ்சியப்பரில் ஆரம்பித்து அவருடைய அல்லா வரைக்கும்.

எல்லா மூலையும் கிண்ணென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்புறம் டிக்கியைத் திறந்தார். அந்தப் பனியில், சிலிண்டரைச் சுற்றிச் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கு. முள் படுத்துக் கிடந்தது. குளிரில் கேஸ் கொஞ்சம்தான் போயிருக்கிறது. பெட்ரோல் மட்டும் முழு அளவில் போய் இன்ஜின் திணறியிருக்கிறது. பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா புத்தி எனக்கு! இது பெட்ரோல் அதிகமாயி வந்த இருமல்மா. ஒண்ணும் ஆயிருக்காது. நீ மிதிச்சிகிட்டே இருந்திருந்தா நாமதான் ஜெயிச்சிருப்போம்."

"எனக்கு எப்படித் தெரியும் அத்தா? சத்தம் மாறுச்சு. காலை எடுத்துட்டேன்."

"நான் சொன்னதாலயா?"

ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் மேல் வைத்தாள். "இன்ஜின் உடைஞ்சா நீங்க ஷார்ஜா போயிடுவீங்கன்னு அம்மா சொன்னாங்க. நீங்க இல்லாத வூட்ல ஜெயிச்ச கப்ப வாங்கியாந்து நான் யாருகிட்ட காட்டறது?"

பாய் அப்படியே சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். சிரிக்கும் உரிமை உள்ள நானும் அழுதேன். சுற்றி நின்ற பையன்கள், தோற்றதற்கு இவ்வளவு அழுகிறார்களே என்று எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய் போனை எடுத்தார். ஷார்ஜாவில் அது இன்னும் நன்றாக விடியாத நேரம். முதலாளியை எழுப்பி, "மன்னிச்சிக்குங்க முதலாளி, என் எடத்துல வேற ஆள போட்டுக்குங்க, நான் வரமாட்டேன்" என்றார்.