அளவெடுக்காமல் வந்த பேண்ட்

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஆவடியில் அவர் வேலை பார்த்த பட்டாளக் கிடங்கில் அவர் சொன்னதைத்தான் அதிகாரி எழுதிக்கொள்வார். ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரும் கூடாரத் துணியைத் தொட்டில்போலக் கட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பா அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் ‘நிக்குது’, விழுந்தால் ‘ஒயுவுது’. இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் சம்பளம் என்று பள்ளியில் பீற்றிக்கொள்வேன்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. ஒப்பந்தக்காரர் ஒருவரின் லாரித் துணி அப்பாவின் வார்த்தைக்காகக் காத்திருந்தது. அன்று நட்டநடுப் பகலில், வெள்ளானூரில் எங்கள் வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. யாரும் வந்ததாகத் தெரியவில்லை, தெருநாய்கூடக் குரைக்கவில்லை. உள்ளே புது பேண்ட். போட்டுப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

என் இடது கால் ஒரு விரற்கடை குட்டை. உற்றுப் பார்க்காமல் தெரியாது. என்னிடமிருந்த ஒரே பேண்டின் இடப்பக்கத்தை அம்மாதான் மடித்துத் தைத்திருந்தாள். இதில் அந்த மடிப்பு முன்பே தைக்கப்பட்டிருந்தது.

அம்மா அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, பகலென்றும் பாராமல் கதவைத் தாழிட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். “இன்னா தொர, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா?” என்று சிரித்தவர், காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“நாளைக்கு நிக்குதுன்னு சொல்லிட்டு வந்துடுய்யா,” என்றாள் அம்மா. “புள்ளய வெச்ச கண்ணு வாங்காம பாத்துகினு கீறானுங்க.”

“ஒயுவுறத நிக்குதுன்னா, மழைல அதுக்கடியில படுக்கறவன் யார் ஊட்டுப் புள்ள?”

“மல்லாந்து கெடக்கற வேலைக்கு ரோஷத்தப் பாரு!”

வேலைக்குச் சேர்ந்த அன்று படித்துக் காட்டிய விதி ஒன்று அப்பாவுக்கு மனப்பாடம்: வீட்டுக்கு எது வந்தாலும், கொடுத்தது யாரென்று தெரியாவிட்டாலும், அதிகாரியின் மேசையில் வைத்துவிட வேண்டும். அதை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே என் பேண்டைக் கழற்றினார். பித்தான் இரண்டு தரம் நழுவியது. கொடுத்தவர் மனசு கஷ்டப்படுமே என்று நான் அழுதேன்.

மறுநாள் பேண்ட் மேசைக்குப் போனது. அப்பா ‘ஒயுவுது’ என்றார். லாரி திரும்பிப் போனது.

அதன்பின் ஒரு மாதம் அம்மா என்னைக் கையைப் பிடித்தே பள்ளிக்குக் கூட்டிப்போனாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டாலும் சுவரோரம் இழுத்துக்கொள்வாள். நானோ, என் காலை இத்தனை அக்கறையாகக் கவனித்த அந்த நல்லவர் இங்கேதான் இருப்பார் என்று, எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு நாள் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குச் சிரித்தார். அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.